வீட்டுக்கு ஒரு கம்பளி

முந்தின வருஷம் மார்கழி மாதத்தில் நாம் உதகமண்டலம் போயிருந்தோம். "மார்கழியில் உதகையா? சித்தம் தெளிவாய்த்தான் இருக்கிறதா?" என்று கேட்காத சிநேகிதர் இல்லை. சித்திரை வெயிலுக்குப் பயந்து மலையேறுவதுதான் உலக வழக்கம். ஆனால் நம்முடைய நண்பர் ஒருவர் அங்கே பழைய வீடொன்றை வாங்கிக் குடியேறியிருந்தார். மூன்று கடிதம் எழுதி அழைத்தார். தட்ட முடியவில்லை.

உதகை கடல் மட்டத்துக்கு 7,000 அடிக்கு மேலே இருப்பது. மார்கழி, தை மாதங்களில் அங்கே சில இரவுகளில் உறைபனி விழும். விடியற்காலையில் புல்வெளியைப் பார்த்தால் யாரோ உப்பை வாரி இறைத்தாற்போல் இருக்கும். பார்ப்பதற்கு அழகுதான். அந்த இரவைப் படுத்துக் கழிப்பது வேறு விஷயம். நண்பர் வீட்டில் நமக்கு நான்கு கம்பளிகள் கொடுத்தார்கள். நான்கையும் போர்த்துக்கொண்டு, பாரத்தினால் புரள முடியாமல், கல்லின் கீழ் அகப்பட்ட தேரையைப் போல் படுத்திருந்தோம்.

வீட்டாரோ அடுத்த அறையில் கணப்புச் சட்டியில் கரி மூட்டி வைத்துக்கொண்டு, குளிர் வரக்கூடாதென்று கதவு ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டுப் படுத்திருந்தார்கள். காலையில் நண்பருடைய எட்டு வயதுப் பெண் தலைவலி என்று அழுதது. குமட்டலும் இருந்தது. "பனித் தலைவலி" என்று சொல்லிப் பாட்டி சுக்குக் கஷாயம் போடப் போனாள். குழந்தையை வெளித் தாழ்வாரத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தோம். அரை மணி நேரத்தில் தலைவலி போன இடம் தெரியவில்லை. கஷாயம் ஆறிக் கிடந்தது.

நமக்கு அப்போதுதான் நெஞ்சு திக்கென்றது. மூடிய அறையில் எரியும் கரி, கார்பன் மானாக்ஸைடு என்னும் விஷ வாயுவைக் கக்குகிறது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. நாம் சுவாசிக்கும் பிராண வாயு இரத்தத்தில் எவ்வளவு பலமாய் ஒட்டுகிறதோ, அதைப் போல் இருநூறு மடங்குக்கு மேல் பலமாக இந்த வாயு ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு மயக்கம். தூங்குகிறவனுக்கு இந்த மூன்றும் தெரிவதில்லை. நேரே நான்காவது கட்டத்துக்குப் போய்விடுகிறான். மலைவாச ஸ்தலங்களில் கணப்பு மூட்டிப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தியைப் பத்திரிகைகளில் நாம் படிக்கத்தான் செய்கிறோம். படித்துவிட்டு "ஐயோ பாவம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம்.

விஷயத்தை எடுத்துச் சொன்னதும் நண்பரின் தாயார் சட்டியை உடனே வெளியே வைத்துவிட்டாள். ஆனால் ஒரு கேள்வியும் கேட்டாள். "சரி அப்பா, வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். குளிருக்கு என்ன செய்கிறது? இந்த வீட்டில் எவ்வளவு நெருப்புப் போட்டாலும் நாங்கள் காய்கிறதில்லை. கூரைதான் குளிர் காய்கிறது!"

பாட்டி பௌதிக சாஸ்திரம் படித்தவள் அல்ல. ஆனால் அவள் சொன்னது அப்பட்டமான பௌதிக சாஸ்திரம். அன்று காலையிலேயே அதற்குச் சாட்சியும் கிடைத்தது. வெயில் இன்னும் படவில்லை. அக்கம் பக்கத்திலிருந்த தகரக் கூரைகளில் இரண்டு மூன்று வெள்ளை வெளேரென்று பனி படிந்து கிடந்தன. நண்பர் வீட்டுக் கூரையிலோ அந்த வெள்ளையைக் காணோம், ஈரந்தான் மினுமினுத்தது. இரவெல்லாம் எரித்த கரியின் சூடு மேலே போய்ப் பனியை உருக்கியிருந்தது! மலைநாட்டு நேயர்கள் இந்தப் பரீட்சையைத் தங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரே மாதிரிக் கூரைகளுள், சூரியன் படுமுன் எதில் பனி முதலில் கரைகிறதோ, அந்த வீட்டின் பணம் கூரை வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று நிச்சயம் செய்துகொள்ளலாம்.

சூடான காற்று இலேசானது, மேலே ஏறும். அங்கே அது சந்திப்பது 'ஸீலிங்' என்று சொல்லும் உட்கூரை. அரை அங்குலப் பலகை, அதற்கு மேல் வெற்றிடம், அதற்கு மேல் தகரம். தகரம் சூட்டைத் தடுப்பதில்லை. வாங்கி வெளியே கொடுத்துவிட்டுக் கைகட்டி நிற்கிறது. இந்தக் கூரையின் கீழே கணப்பு மூட்டுவது, அடியில் ஓட்டையுள்ள குடத்தில் தண்ணீர் இறைப்பதற்குச் சமானம். எவ்வளவு வேகமாய் இறைத்தாலும் தோள்தான் வலிக்கும்.

கோயமுத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் ஸலிவன் 1822-ஆம் வருஷத்தில் உதகையில் 'கல் பங்களா'வைக் கட்டத் தொடங்கினார். அவர் பின்னால் வந்த வெள்ளைக்காரர்கள் தங்கள் தேசத்து வீடுகளைப் போலவே கணப்பு மாடமும் புகைபோக்கியும் வைத்துக் கட்டினார்கள். திறந்த கணப்பு மாடத்தின் சூட்டில் பெரும் பங்கு புகைபோக்கி வழியாகவே போய்விடும். ஈடு செய்ய மேலும் விறகு. விறகுக்காகச் சோலைக் காடுகள் வெட்டுண்டன. பிறகு விறகுக்கென்றே யூகலிப்டஸ் மரங்களைக் கொண்டுவந்து நட்டார்கள். துரைமார்கள் 1947-க்குப் பின் போய்விட்டார்கள். புகைபோக்கிகள் இருக்கின்றன.

அவர்களுக்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே அந்த மலையில் வாழும் தோடர்களோ, பாதிப் பீப்பாயைக் கவிழ்த்தாற்போல் மூங்கிலை வளைத்து, அதன்மேல் தடிமனாகப் புல் வேய்ந்து குடிசை கட்டினார்கள். வாயிலோ தவழ்ந்துதான் உள்ளே போகலாம் என்ற அளவு சிறியது. நாகரிகமற்ற கட்டடம் என்று பார்த்தவர்கள் எண்ணினார்கள். உண்மையில் அது வீட்டுக்கே ஒரு கம்பளி போர்த்திய ஏற்பாடு. புல்லின் இடுக்குகளில் காற்று அசையாமல் நிற்கிறது. அசையாத காற்றைப் போல் சூட்டைத் தடுக்கும் மலிவான பொருள் உலகத்தில் வேறில்லை. நாம் போர்த்துக்கொள்ளும் கம்பளியும் இதையேதான் செய்கிறது. கம்பளி சூட்டை உண்டாக்குவதில்லை. நம் உடம்பின் சூட்டை வெளியே விடாமல் வைத்திருக்கிறது. அந்தக் கம்பளியை மனிதனுக்கு நான்காகப் போர்த்துவதைவிட உட்கூரைக்கு ஒன்றாகப் போர்த்துவது நல்லது என்பதே நாம் சொல்ல வந்தது.

எதைப் போர்த்துவது? கடையில் எளிதாய்க் கிடைப்பது கண்ணாடிப் பஞ்சும் பாறைப் பஞ்சும். பாய் போல் சுருட்டியிருப்பார்கள். இரண்டும் தீப்பற்றா, எலிக்குத் தீனியாகா. கண்ணாடிப் பஞ்சு கையில் பட்டால் அரிக்கும். ஆகையால் விரிக்கும்போது உறையும் முகமூடியும் முழுக்கைச் சட்டையும் அவசியம். 'தெர்மோகோல்' இலேசானது, மலிவானது. ஆனால் தீப்பிடித்தால் கரும்புகை கக்கும். மின்சாரக் கம்பிகள் ஓடும் உட்கூரைக்கு மேல் அதைப் பரப்ப நாம் சிபாரிசு செய்ய மாட்டோம். வைக்கோலும் உமியும் சூட்டை நன்றாகவே தடுக்கும். எலிகளும் நன்றாகவே குடித்தனம் செய்யும். நெருப்பும் எளிதில் பிடிக்கும். ஆட்டு ரோமத்தைப் பாயாகச் செய்து நியூஜிலாந்திலும் பிரிட்டனிலும் உட்கூரைகளில் விரிக்கிறார்கள். நீலகிரியிலேயே 'நீலகிரி ஆடு' என்ற ரோம ஜாதி இருக்கிறது. சாண்டிநல்லாவில் அதற்கு ஆராய்ச்சிப் பண்ணையும் இருக்கிறது. நம் மலை ஆட்டின் ரோமம் நம் மலை வீட்டைக் காக்கும் காலம் வந்தால் சுதேசிக் கைத்தொழில் ஒன்று பிழைக்கும். அந்துப் பூச்சி அரிக்காமல் பக்குவம் செய்வது மட்டும் முக்கியம்.

பளபளக்கும் அலுமினியத் தாளைக் கடைக்காரர் மிகவும் புகழ்வார். அந்தத் தாள் கதிராக வரும் சூட்டைத் திருப்பி அனுப்பும், வாஸ்தவம். ஆனால் அதன் முன்னே கொஞ்சம் காற்றிடைவெளி இருந்தால்தான் அந்த வேலையைச் செய்யும். பலகையோடு ஒட்டி ஆணியடித்தால் அலங்காரத்துக்குத்தான் ஆகும்.

எவ்வளவு கனம் வேண்டும்? இரண்டங்குலக் கண்ணாடிப் பஞ்சு தடுக்கும் சூட்டை மரப்பலகையால் தடுக்க ஆறங்குலம் வேண்டும். செங்கற் சுவரால் தடுக்கச் சுமார் மூன்றடி வேண்டும்! வெறும் பலகையும் தகரமுமாயுள்ள உட்கூரை வழியாக நூறு பங்கு சூடு போகிறதென்றால், இரண்டங்குலப் பஞ்சு விரித்தபின் ஏறக்குறைய கால் பங்குதான் போகும். நான்கங்குலமானால் ஏழில் ஒரு பங்கு. எட்டங்குலம் போட்டால் அதிலும் பாதி. முதல் இரண்டங்குலமே பெரும் லாபம் தருகிறது. போகப் போக லாபம் சுருங்குகிறது. உதகைக்கு நான்கங்குலம் போதும் என்பது நம் அபிப்பிராயம்.

பாயின் மேல் 'ஆர்' என்ற எழுத்துடன் ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள். அது சூட்டைத் தடுக்கும் சக்தியின் அளவு. எண் பெரிதானால் தடுப்பும் பெரிது. இதில் ஓர் ஏமாற்றம் உண்டு. மெட்ரிக் கணக்கில் 2.5 என்றிருக்கும் அதே பாய்க்கு அமெரிக்கக் கணக்கில் 14 என்று போடுவார்கள். 14-ஐப் பார்த்து மயங்கி அதிக விலை கொடுத்துவிடாமல், எந்தக் கணக்கு என்று கேட்டு வாங்க வேண்டும்.

ஏற்கெனவே பஞ்சு விரித்த வீடானால் அதைப் பிடுங்கி எறிய வேண்டியதில்லை. உலர்ந்து, பூஞ்சையின்றி, எலிப் புழுக்கையின்றி இருந்தால் அதன்மேலேயே குறுக்குவாட்டில் இன்னொரு பாயை விரிக்கலாம். நனைந்து படிந்து போயிருந்தால் மட்டும் அகற்ற வேண்டும். ஈரப்பஞ்சு நனைந்த கம்பளியைப் போன்றது. குளிரைக் கூட்டுமே தவிரக் குறைக்காது.

விரிப்பதிலும் கவனம் வேண்டும். முதலில் கூரை ஒழுக்கை அடைக்க வேண்டும். பாயை அமுக்கித் திணிக்கலாகாது. அமுக்கினால் காற்று போய்விடும், காற்றுப் போனால் பயனும் போய்விடும். இரண்டு பாய்களுக்கு நடுவே விரலிடை விட்டாலும் சூடு அந்தச் சந்தைக் கண்டுபிடித்துவிடும். பழைய மின்சாரக் கம்பிகளை முதலில் மின்சார வேலை தெரிந்தவரிடம் காட்டிச் சோதிக்க வேண்டும். உட்கூரையில் பதித்த விளக்குகளின் மேல் பஞ்சை மூடலாகாது. கூரை ஆஸ்பெஸ்டாஸ் தகடாயிருந்தால் அதை அறுக்கவோ துளைக்கவோ கூடாது; அதன் தூள் நுரையீரலுக்கு எமன்.

இன்னொன்று. சமையல் ஆவியும், நம் மூச்சின் ஈரமும் மேலே போய்க் குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகச் சொட்டும். ஆகவே பஞ்சுக்கு அடியில், அறையின் பக்கமாக, பிளாஸ்டிக் தாள் ஒன்றை விரித்து ஆவியைத் தடுக்க வேண்டும். பஞ்சுக்கு மேலுள்ள வெற்றிடத்தில் காற்று உலாவ வழி விட வேண்டும். தாளை இடம் மாற்றிப் பஞ்சுக்கு மேல் போட்டால் அத்தனை பஞ்சும் நனைந்து போகும்.

இவ்வளவும் செய்தபின் கணப்பு வேண்டாமா என்று கேட்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன் ஒருவன் ஏறக்குறைய நூறு வாட் அளவு சூட்டை வெளிவிடுகிறான். ஐந்து பேர் கூடியிருக்கும் அறையில் ஐந்நூறு வாட் அடுப்பொன்று செலவில்லாமல் எரிந்துகொண்டிருக்கிறது! மேல் வழி அடைபட்டால் அந்தச் சூடு கீழே தங்கும். கடுங்குளிர் இரவுகளில் சிறிய மின்சாரக் கணப்பு ஒன்று சேர்ந்தால் போதும். கரிச்சட்டி மட்டும் கூடவே கூடாது. சந்துகளெல்லாம் அடைபட்ட வீட்டில் அதன் விஷம் முன்னிலும் விரைவாகச் சேரும்.

நண்பர் அந்தத் தை மாதமே ஆசாரியைக் கூப்பிட்டு வேலையை முடித்துவிட்டார். இந்த மார்கழியில் அவரிடமிருந்து கடிதம் வந்தது. பெண் சுகமாகப் பள்ளிக்கூடம் போகிறதாம். கணப்புச் சட்டியில் பாட்டி மண்ணைக் கொட்டிப் புதினா போட்டிருக்கிறாளாம். கடைசியில் எழுதியிருந்தார்: "விடியற்காலையில் அம்மா போர்வையோடு வாசலில் வந்து நின்று கூரையைப் பார்க்கிறாள். எங்கள் கூரையிலும் இப்போது பனி வெள்ளையாய்ப் படிந்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத் திருப்தியாய் உள்ளே வந்து காப்பி போடுகிறாள்."