குற்றம் கண்டுபிடிப்பதும் ஒரு உத்தியோகமா?

கோயமுத்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் நம்மிடம் வந்து, "பையனை இன்ஜினீயருக்குப் படிக்க வெச்சனுங்க. ராக்கெட் வேலைக்குப் போயிருக்கிறான். ஆனா அடுத்தவன் எழுதுன கம்ப்யூட்டர் புரோகிராமில் தப்புத் தேடறதுதான் வேலையாமுங்க. இதுக்கா படிச்சான்?" என்று குறைப்பட்டுக் கொண்டார். எழுதுகிறவன் பெரியவன், சோதிக்கிறவன் சின்னவன் என்கிற எண்ணம் அவர் ஒருவருக்கு மாத்திரம் உள்ளதல்ல.

1996ம் வருஷம் ஜூன் 4ந் தேதி ஐரோப்பியர்கள் ஏரியான் 5 என்னும் புது ராக்கெட்டை முதன்முதலாக விட்டார்கள். சுமார் 40 விநாடியில் அது வானத்திலேயே வெடித்துச் சிதறியது. விசாரித்ததில் தெரிந்ததென்ன? பழைய ஏரியான் 4ல் ஓடிய புரோகிராம் ஒன்றை அப்படியே எடுத்துப் புதியதில் வைத்திருந்தார்கள். புது ராக்கெட்டின் பக்கவாட்டு வேகம் அதிகம். அந்த எண், பழைய புரோகிராமில் ஒதுக்கிய இடத்தில் அடங்கவில்லை. திசை காட்டும் கருவி நின்று போயிற்று. மாற்றாக வைத்த கருவியிலும் அதே புரோகிராம்! அதுவும் நின்றது. இதில் வேடிக்கை என்னவென்றால், ராக்கெட் கிளம்பிய பின் அந்தக் கணக்கால் ஏரியான் 5க்கு யாதொரு பிரயோஜனமும் கிடையாது. முன்பு இருந்தது, இப்போதும் இருக்கட்டும் என்று விட்டு வைத்திருந்தார்கள். புது ராக்கெட்டின் பாதையைக் கொடுத்து ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருந்தால் தரையிலேயே தெரிந்திருக்கும்.

பேர்போன நிபுணர்கள் கதியே இதுவென்றால் நம் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? பெரியவர்களைக் குறுக்கே கேட்ட பிள்ளையை அதிகப்பிரசங்கி என்று அடக்குகிறோம். அப்படி வளர்ந்தவன், மேலதிகாரி எழுதியதில் தப்பைக் கண்டால் வாய் திறப்பானா என்று கேட்கின்றோம்.

நமது விக்ரம் 2019 செப்டம்பர் 7ந் தேதி சந்திரனில் மோதிற்று. எஞ்சின்கள் எதிர்பார்த்ததற்கு மேல் விசை கொடுத்ததையும், திரும்பும் வேகத்துக்குப் புரோகிராமில் வைத்த வரம்பு போதாமற் போனதையும் இஸ்ரோவே பின்னர் ஒப்புக் கொண்டது. அதற்கப்புறம், எது எது கெடும் என்று கேட்டுக் கேட்டே அடுத்ததைச் செய்தார்கள். 2023 ஆகஸ்டு 23ந் தேதி சந்திரயான் 3 பத்திரமாய் இறங்கிற்று. சந்திரனின் மண்ணை ஒத்திருப்பதால், நமது நாமக்கல் ஜில்லா சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறையைப் பொடியாக்கி எடுத்துப்போய், இறங்குவதையும் சக்கரம் உருளுவதையும் அதன்மேல் சோதித்துப் பார்த்திருந்தார்கள்.

கேட்டுக் கொண்டிருந்த விவசாயி, "அப்படின்னா எம் பையன் தப்புன்னு சொன்னா பெரிய இன்ஜினீயரும் நிறுத்தித்தான் ஆகோணுமுங்களா?" என்றார்.

நிறுத்தத்தான் வேண்டும், நிறுத்தாத இடத்தில் பையன் இருக்க வேண்டியதில்லை என்றோம்.