கூரை தந்தோம், தெருவைப் பறித்தோம்

கூவம், அடையாறு நதிக்கரைகளில் வாழ்ந்த ஏழை ஜனங்களைக் குடியேற்றுவதற்கென்று சென்னைக்குத் தெற்கே பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டிடங்கள் எழுந்திருக்கின்றன. 2015ஆம் வருஷத்து வெள்ளத்திற்குப் பின் அக்குடியேற்றம் வேகம் பெற்றது. சுமார் 20,000 வீடுகள் கொண்ட அவ்விடம் தனியொரு பட்டணமென்றே சொல்லத்தகும். ஆனால், கூரையைக் கொடுத்த சர்க்கார் தெருவைப் பறித்துக்கொண்டது. குலுக்கலில் வீடு கிடைத்தபோது பழைய அண்டை அயலார் ஆளுக்கொரு பிளாக்கில் சிதறினர். வாசலில் உட்கார்ந்து பத்து வீட்டுக் குழந்தைகளைக் கண்காணித்த கிழவிக்கு இன்று ஆறாவது மாடிக் கதவே எல்லை. லிப்ட் நின்றால் அவ்வீடே சிறை.

இது அற்ப விஷயமென்று தள்ளத்தக்கதன்று. உலக சுகாதார ஸ்தாபனத்தின் கமிஷன் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஆறு பேரில் ஒருவரைத் தனிமை வருத்துகிறது. வருஷத்திற்குச் சுமார் 8,71,000 மரணங்கள் அதனோடு சம்பந்தப்பட்டவை. பிரிட்டன் 2018இலேயே இதற்கென ஒரு மந்திரியை நியமித்தது. ஹாலந்து தேசத்து டெவன்டர் நகரில் மாணவர்கள் முதியோர் இல்லத்தில் வாடகையின்றி வசித்து, மாதம் 30 மணி நேரம் முதியோருக்குத் துணையிருக்கும் ஏற்பாடு வெற்றி பெற்றது. கலைகள் தேகத்திற்கும் மனத்திற்கும் நலம் பயப்பவை என்று, 3,000க்கு மேற்பட்ட ஆராய்ச்சிகளைப் பரிசீலித்த அதே சுகாதார ஸ்தாபனத்தின் 2019ஆம் வருஷத்து அறிக்கை கூறுகிறது.

‘பிழைப்பே தூரமாய்ப் போன இடத்தில் பாட்டெதற்கு?’ என்று சிலர் கேட்கலாம். பிழைப்பும் பஸ்ஸும் பள்ளியும் முதலில் வேண்டியவையே. அதில் நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் கானாவும் பறையும் அந்த ஜனங்களின் சொந்த ஆஸ்தி. அவற்றைக் கற்றுத்தர வெளியிலிருந்து வித்வான்கள் வரவேண்டியதில்லை. முதியவர் ஆசானாகவும் சிறுவன் சீடனாகவும் அமர ஓரிடம் கிடைத்தால் போதும். தாம் இன்னும் தேவைப்படுகிறோம் என்றறிந்த முதியவருக்குத் தனிமையில்லை. கேட்டுச் சொல்லப் பெரியவருள்ள சிறுவன் எளிதில் வழிதவறான்.

ஆகவே நாம் மூன்று கோரிக்கைகள் விடுக்கிறோம். பிளாக்குதோறும் கீழ்த்தளத்தில் பொது மண்டபம் ஒன்று வேண்டும். 2022இல் அதே பெரும்பாக்கத்தில் புதிய கட்டிடம் பெற்ற செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம், வாரம் ஒருநாளேனும் தன் வாசலை இந்த ஜனங்களுக்குத் திறக்க வேண்டும். ஏட்டுத் தமிழும் வாய்த்தமிழும் அங்கே சந்திக்கட்டும். இனி எந்தப் பேட்டையைப் பெயர்க்க நேரினும், ஒரு தெருவார் ஒரே பிளாக்கில் குடியேற்றப்பட வேண்டும்.

சுவரெழுப்புவது இஞ்சினீயர் வேலை. ஊரெழுப்புவது நம் எல்லோருடைய வேலை. தேச ஊழியர்கள் இதில் இறங்குவார்களாக!