சகோதரியின் பங்கு எங்கே?



கொல்லிமலையின் வளப்பூர் நாட்டிற்கு மிளகு கொள்முதலுக்காக ஆண்டுதோறும் சென்றுவரும் வணிகச் சகோதரர் ஒருவர் அண்மையில் நம்மைக் காண வந்தார். அம்மலைவாழ் மலையாளி மக்களின் வழக்கப்படி நிலம் ஆண்மக்களையே சேரும், பெண்மக்களுக்குப் பங்கில்லை. பழங்குடியினர் என்பதால் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமும் அவர்களைத் தானாகக் கட்டுப்படுத்துவதில்லை. இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு, "நம் மார்க்கம் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே பெண்ணுக்குப் பங்கு கொடுத்துவிட்டது, ஹஜ்ரத்! வெள்ளைக்காரனே நமக்குப் பின்னால்தான்" என்று அவர் பெருமிதம் கொண்டார்.

சொன்னதில் பிழையில்லை. இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டத்தில் மணமான பெண்ணின் பணமும் நகையும் கணவனுடையனவாகிவிடும். அவள் பெயரில் தனியே ஒப்பந்தம் செய்யவும் இயலாது. 1870இல் சிறிது தளர்த்தி, 1882இல்தான் அவளுடைய சொத்து அவளுக்கே உரியது என்று முழுமையாக ஏற்றார்கள். ஷரீஅத்திலோ நிக்காஹ் பெண்ணின் உடைமையைத் தொடுவதில்லை. மஹர் அவளுடையது, தந்தைவழிப் பங்கும் அவளுடையது, அவள் செல்வந்தராயினும் உணவும் உடையும் அளிப்பது கணவனின் கடமை. மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்பதை இக்கடமையோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

உஹதுப் போரில் ஷஹீதான ஸஃது பின் ரபீஉ (ரலி) அவர்களின் மனைவி, இரு பெண்மக்களுடன் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார்கள். குழந்தைகளின் பெரிய தகப்பனாரோ சிறிய தகப்பனாரோ, எவராயினும் தந்தையின் உடன்பிறந்தார் சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார் என்பதே முறையீடு. அப்போது அந்நிஸா அத்தியாயத்தின் வாரிசுரிமை வசனம் இறங்கிற்று. பெண்மக்களுக்கு மூன்றில் இரண்டு, மனைவிக்கு எட்டில் ஒன்று, எஞ்சியதே சகோதரருக்கு என்று தீர்ப்பாயிற்று. இருபத்து நான்கு பங்கில் 16, 3, 5. எல்லாம் எனக்கே என்றிருந்தவருக்குக் கிடைத்தது ஐந்து பங்கு!

மேலைநாட்டு முறையில் குறையே உண்டு, நிறையே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். இங்கிலாந்தில் ஒருவர் தம் சொத்து முழுவதையும் விரும்பியவருக்கு உயில் எழுதலாம். நமக்கோ வஸிய்யத்துக்கு மூன்றில் ஒன்றே எல்லை. ஆனால் மணமுறிவின்போது அங்குள்ள நீதிமன்றம், வீட்டைப் பேணிய மனைவியின் உழைப்பையும் கணக்கில் கொண்டு சொத்தைப் பங்கிடுகிறது. நம்மிடம் அவளுக்குரிய பெரிய காப்பு மஹர்தான். அந்த மஹரைப் பெயருக்குச் சில ரூபாயாக எழுதிவிட்டு, கைக்கூலியை ஆயிரமாயிரமாக எண்ணி வாங்குவோர் எந்தச் சட்டத்தின் மேன்மையைப் பேசுகிறார்கள்? மலைமக்களின் பழைய வழக்கத்தில்கூடப் பரிசம் தருவது மாப்பிள்ளை வீட்டாரே.

நிலத்தின் கதையும் இதுவே. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விட்டுவிட்டது. அன்றைய அரசியலமைப்பில் நிலம் மாகாணங்களின் அதிகாரத்தில் இருந்ததே காரணம். சென்னை மாகாணம் 1949இல் திருத்தம் செய்து அந்த விலக்கை நீக்கியது. ஆதலால் வழக்கத்தைக் காட்டிப் பெண்ணின் பங்கை மறுக்க இங்கே நமக்குச் சட்டத்திலும் இடமில்லை, மார்க்கத்திலும் இடமில்லை. இருந்தும் "தங்கச்சி வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டாள்" என்ற சொல்லை எத்தனை வீடுகளில் கேட்கிறோம்! சீர் செய்தோம், நகை போட்டோம் என்பார்கள். திருமணச் செலவு பாகத்திற்கு ஈடாகாது. தாய்வீட்டு வாசல் அடைபட்டுவிடுமோ என்று அஞ்சி இட்ட கையெழுத்தை மனமார விட்டுக்கொடுத்ததாக எண்ணலாமா?

மிளகு வணிகரிடம் ஒன்றே கேட்டோம்: "மலையடிவாரத்தில் தங்கள் அத்தா விட்டுச் சென்ற நான்கு ஏக்கரில் தங்கள் சகோதரியின் பங்கு எங்கே?"

அவர் நெடுநேரம் பேசவில்லை. தேநீர் ஆறிப்போயிற்று. பிறகு, "அம்மா இருக்கிறார்கள், நாங்கள் அண்ணன் தம்பி இருவர், தங்கை ஒருத்தி, கடன் ஏதுமில்லை. கணக்கு எப்படி வரும், ஹஜ்ரத்?" என்றார். நாற்பது பங்காக்கினால் தாயாருக்கு 5, ஆண்மக்கள் ஒவ்வொருவருக்கும் 14, தங்கைக்கு 7. நான்கு ஏக்கரில் தங்கையின் பங்கு எழுபது சென்ட். ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார்; எழுதிக் கொடுத்தோம். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஸலாம் சொல்லி விடைபெற்றார்.