பதுளை யாருடைய கோட்டையும் இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் வாசியுங்கள்.

போன ஜும்ஆ முடிந்து வெளியே நின்றபோது ஊர்ப் பெரியவர் ஒருவர் சொன்னார்: "சேர், எங்கட வோட்டு எங்க போகும் என்று எல்லாருக்கும் தெரியும்தானே. பிறகு எதுக்கு யோசிக்கிறது?" சுற்றி நின்ற எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு அன்று பகல் சாப்பாடு இறங்கவில்லை.

எங்கள் வோட்டு எங்கே போகும் என்று எல்லோருக்கும் தெரிந்திருப்பதுதான் எங்கள் பிரச்சினையே. எப்படியும் வந்து சேரும் வோட்டுக்கு யாராவது விலை கொடுப்பார்களா? கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. கட்டாயம் வாங்க வருகிற வாடிக்கையாளருக்கு எந்த முதலாளியும் கழிவு கொடுப்பதில்லை.

"பதுளை பச்சைக் கோட்டை", "பதுளை நீலக் கோட்டை", "தோட்டம் என்றால் காங்கிரஸ்". இதெல்லாம் மேடைக் கதை. கணக்கைப் பாருங்கள். 2010 பொதுத் தேர்தலில் இந்த மாவட்டத்தை வென்றது வெற்றிலை. 2015 இல் 8 ஆசனத்தில் 5 யானைக்கு. 2020 இல் 9 இல் 6 மொட்டுக்கு, யானைக்கு ஒன்றும் இல்லை. 2024 இல் 9 இல் 6 திசைகாட்டிக்கு, மொட்டுக்கு ஒன்றும் இல்லை. இதில் கோட்டை எங்கே இருக்கிறது?

இன்னொரு கணக்கு. 2015 ஜனவரி ஜனாதிபதித் தேர்தலில் பதுளை மாவட்டத்தில் மைத்திரிக்கும் மஹிந்தவுக்கும் இடையில் இருந்த வித்தியாசம் 281 வாக்கு. ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் போட்ட வாக்கில் 281! குருத்தலாவையில் ஒரு சாவடியில் வரிசையில் நிற்கும் ஆட்கள் அதைவிட அதிகம். இப்படிப்பட்ட மாவட்டத்தில் இருந்துகொண்டு "எங்கட வோட்டால என்ன ஆகப்போகுது" என்று கேட்கிறோம்.

சரித்திரம் தெரியாத இளைஞர்களுக்காக ஒரு விடயம். 1947 இல் பதுளை இரட்டை அங்கத்தவர் தொகுதி. சமசமாஜக் கட்சியின் ஜே.சி.டி. கொத்தலாவலவோடு, இலங்கை இந்தியக் காங்கிரஸின் எஸ்.எம். சுப்பையாவும் இங்கிருந்து பாராளுமன்றம் போனார். தோட்டத்து மக்களின் வோட்டுக்கு அவ்வளவு பலம் இருந்தது. அதனால்தான் பயந்தார்கள். 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம், 1949 இல் தேர்தல் திருத்தச் சட்டம். வோட்டு பறிபோனது. 1952 தேர்தலில் மலையகத்தின் பிரதிநிதியாக ஒருவர்கூட வரவில்லை. நான்கு வருடம் கழித்து, 1956 இல், சுற்றிவரத் தேயிலைத் தோட்டங்கள் உள்ள வெலிமடைத் தொகுதியில் இருந்து யார் வந்தார் தெரியுமா? தனிச் சிங்களத்துக்காகக் கொடி பிடித்த கே.எம்.பி. ராஜரத்ன. தோட்டத்து ஆட்களுக்கு வோட்டு இருந்திருந்தால் அந்தக் கணக்கு வேறு மாதிரி வந்திருக்கும்.

இது தோட்டத்து ஆட்களின் கதைதானே என்று தாண்டிப் போகாதீர்கள். 1949 இல் வந்த மற்றச் சட்டத்தின் பெயரே "இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம்". அந்தப் "பாகிஸ்தானியர்" என்ற சொல் யாரைக் குறித்தது என்று எங்கள் டவுன் கடைத்தெருவின் பழைய குடும்பங்களில் போய்க் கேளுங்கள்.

இனி எங்கள் பக்கம். 2014 செப்டெம்பர் 20, ஊவா மாகாண சபைத் தேர்தல். அளுத்கம எரிந்து மூன்று மாதம். எல்லோருக்கும் மனசு கொதித்துக்கொண்டிருந்தது. ஹக்கீமின் கட்சியும் ரிஷாதின் கட்சியும் சேர்ந்து பதுளையில் தனியாகக் கேட்டார்கள். கிழக்கில் இருந்து வாகனம் வாகனமாக ஆட்கள் வந்தார்கள், பேசினார்கள், போனார்கள். ஓர் ஆசனமும் இல்லை. நானும் அவர்களுக்குத்தான் போட்டேன், மறைக்கவில்லை. மாவட்டத்தில் நாங்கள் நூற்றுக்கு ஐந்து சொச்சம். பாராளுமன்றத் தேர்தலில் வெட்டுப்புள்ளியே நூற்றுக்கு ஐந்து. ஒரு வீடு விடாமல் ஒரே பட்டியலுக்குப் போட்டாலும் வாசலில்தான் நிற்போம். கணிதம் படிப்பிக்கிறவன் நான், இந்தக் கணக்கை அன்றைக்கே போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

அந்தத் தேர்தல் முடிந்து ஆறு கிழமை ஆகவில்லை. ஒக்டோபர் 29, கொஸ்லந்த மீரியபெத்தவில் மலை இறங்கி லயன்களை மூடியது. அந்த இடம் ஆபத்து என்று 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தார்கள். அந்தத் தேர்தலில் அந்தத் தோட்டப் பக்கமும் வோட்டுக் கேட்டுப் போனார்கள்தானே? தகரம் கொடுத்தார்கள், கோயிலுக்கு மணி கொடுத்தார்கள். எச்சரிக்கைக் கடிதம் என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை. வோட்டு நிச்சயம் என்றால் கேள்வி கேட்க ஆள் இருக்காது.

"எங்கட ஆள் ஒருத்தர் உள்ளே போனால் போதும்" என்பவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. 2020 இல் எதிர்க்கட்சிப் பட்டியலில் தோட்டத்து மக்கள் விருப்பு வாக்குப் போட்டு அனுப்பிய அரவிந்தகுமார், இரண்டே மாதத்தில் 20 ஆவது திருத்தத்துக்குக் கை தூக்கினார். அதே நாளில் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் எதிர்த்து வாக்களிக்க, அவருடைய எம்.பி.மார் நால்வர் ஆதரித்தார்கள். அப்போது எங்கள் ஜனாஸாக்கள் எரிந்துகொண்டிருந்தன. பெயரைப் பார்த்துப் போட்ட வோட்டு அது.

2024 இல் கிட்ணன் செல்வராஜும் அம்பிகா சாமுவேலும் பதுளையில் இருந்து தெரிவானார்கள். சந்தோஷம். மலையகப் பெண் ஒருவர் இந்த மாவட்டத்தில் இருந்து பாராளுமன்றம் போனது சின்ன விடயம் இல்லை. ஆனால் இப்போதே சிலர் "இனித் திசைகாட்டிதான், வேற பேச்சு இல்ல" என்று தொடங்கிவிட்டார்கள். மறுபடியும் கோட்டை கட்டுகிறோம்! பேர்தான் புதுசு.

நான் சொல்வது இதுதான். எந்தக் கட்சி என்று நான் சொல்லப்போவதில்லை. மூன்று விருப்பு வாக்கு இருக்கிறது. அதில் ஒன்றையாவது பக்கத்துத் தோட்டத்து ஆட்களோடு உட்கார்ந்து பேசி, ஒரே ஆளுக்குப் போடுவோம். அவர்கள் மாவட்டத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. நாங்கள் கேட்பதும் அவர்கள் கேட்பதும் ஒன்றுதானே: தமிழ் மொழிப் பாடசாலைக்கு விஞ்ஞான, கணித ஆசிரியர், ஆஸ்பத்திரியில் தமிழில் பேச ஓர் ஆள், மண்சரிவு இல்லாத இடத்தில் காணி. இதை எழுதிக் கொடுத்து, கையெழுத்து வாங்கிவிட்டுப் போடுவோம். வாய்ப்பேச்சு வேண்டாம். எங்கள் பாடசாலையில் ஆய்வுகூடத்துக்கு ஓர் அரசியல்வாதி வைத்த அடிக்கல் இன்னும் இருக்கிறது. கல் மட்டும். பிள்ளைகள் இடைவேளையில் அதில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிடுகிறார்கள்.

2014 க்குப் பிறகு ஊவாவில் மாகாண சபைத் தேர்தலே நடக்கவில்லை. அது எப்போது வந்தாலும் நோட்டீஸ் அடித்த பிறகு கூடிப் பேசிப் பயனில்லை. பள்ளி நிர்வாகத்திடம் ஒரு கூட்டத்துக்கு இடம் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. தராவிட்டால் எங்கள் வீட்டு முற்றம் இருக்கிறது, இன்ஷா அல்லாஹ். தோட்டத்து நண்பர்கள் நால்வர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பெண்களும் வர வேண்டும்.

திட்ட விரும்புகிறவர்கள் கமெண்டில் திட்டுங்கள். கோல் எடுக்க வேண்டாம், தவணைப் பரீட்சை விடைத்தாள் 84 இன்னும் திருத்தக் கிடக்கிறது.