வாடினால் தண்ணீர்தானா?

நமது வீடுகளில் அந்தூரியத்தின் இலை மஞ்சளாகி வாடினால் உடனே ஒரு கோப்பை தண்ணீர். மறுநாளும் வாடினால் இன்னொரு கோப்பை. பிறகு கடைப் பசளை. செத்ததும் "எங்களுக்குக் கைராசி இல்லை" என்கிறோம். பள்ளிக்கூட வராந்தாவிலும் இதே கதைதான். ஒரே சாடிக்கு ஆறு பிள்ளைகள் ஆளுக்கொரு போத்தல் ஊற்றுகிறார்கள்!

கைராசியில் ஒன்றுமில்லை. வேருக்கும் காற்று வேண்டும். மண் எந்நேரமும் சொதசொதவென்று இருந்தால் வேர் அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் ஈர மண்ணில் நிற்கும் செடியும் தாகத்தில் நிற்பதுபோல் வாடுகிறது. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரமிருந்தால் ஊற்ற வேண்டாம். நாற்றம் வந்தால் செடியைக் கழற்றி, கறுத்துக் குழைந்த வேர்களை வெட்டிவிட்டு, அடியில் ஓட்டையுள்ள சாடியில் புது மண்ணிட்டு நடுங்கள். முற்றத்துக் களிமண் மட்டும் போதாது, இறுகிவிடும்; தும்புத்தூளும் மணலும் கலக்க வேண்டும்.

சாடிக்குக் கீழுள்ள தட்டையும் பாருங்கள். அதில் தேங்கும் தண்ணீர் டெங்கு நுளம்புக்குத் தாராளம். முட்டை ஒன்றிரண்டு வாரத்தில் நுளம்பாகிவிடும். சுகாதாரப் பரிசோதகர் வரும் நாளில் மட்டும் அதைக் கவிழ்ப்பது யாரை ஏமாற்ற?