எண்ணூறு ரூபாய் சம்பள உயர்வுக்கு இத்தனை தண்டனையா?

மத்திய அரசுச் செயலாளரின் அடிப்படைச் சம்பளம் 2,25,000 ரூபாய். சி.ஜி.எச்.எஸ். எனப்படும் மத்திய அரசு சுகாதாரத் திட்டத்துக்கு அவர் மாதம் கட்டுவது 1,000 ரூபாய். அவருடைய அறைக்குக் கோப்பு சுமக்கும் கடைநிலை ஊழியரின் அடிப்படைச் சம்பளம் 18,000. அவரிடம் பிடிப்பது 250. மேலே இருப்பவர் சம்பளத்தில் அரை சதவீதம்கூடக் கொடுப்பதில்லை. கீழே இருப்பவர் ஏறத்தாழ 1.4 சதவீதம் கொடுக்கிறார். மருத்துவமனையில் சேர்ந்தாலோ முன்னவருக்குத் தனியறை, பின்னவருக்குப் பொது வார்டு. வெட்கக்கேடு!

இதைவிடக் கொடுமை ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின் மாதச் சம்பள வரம்பு. அதைத் தாண்டினால் திட்டத்தில் இடமில்லை. 2017 ஜனவரியில் 21,000 ரூபாய் என்று வைத்தார்கள். அதன்பின் அரிசி, வாடகை, மருந்து எல்லாம் ஏறின. வரம்பு மட்டும் அசையவில்லை. ஸ்ரீபெரும்புதூர் ஆலைத் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். சம்பளம் 20,500. மனைவிக்கு ஈ.எஸ்.ஐ. மூலம் டயாலிசிஸ் நடக்கிறது. ஜூலையில் 800 ரூபாய் கூடுகிறது. பங்களிப்புக் காலம் முடியும் செப்டம்பரோடு பிடித்தம் நிற்கும். அடுத்த ஜூன் வரை சிகிச்சை உண்டு. அதற்கப்புறம்? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குப் போனால் ஆண்டு வருமானம் 1.20 லட்சத்தைத் தாண்டக் கூடாது என்பார்கள். நிறுவனம் எடுத்துத் தரும் தனியார் காப்பீடு பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் பேசும். மாத்திரைச் செலவு அவர் தலையில். அந்த 800 ரூபாய் எதற்குக் காணும்?

இரண்டே கால் லட்சம் வாங்குகிற அதிகாரியை எந்த வரம்பும் வெளியே தள்ளுவதில்லை. 21,300 வாங்குகிறவருக்குத்தான் கதவடைப்பு. உழைப்பவனின் உடம்பு என்றால் அரசுக்கு அவ்வளவு இளக்காரமா?

நிதி இல்லை என்ற பேச்சு எடுபடாது. 2019 ஜூலையில் ஈ.எஸ்.ஐ. மொத்தப் பங்களிப்பை 6.5 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைத்தது இதே மத்திய அரசுதான். அந்தச் சலுகையில் பெரும்பங்கு முதலாளிகளுக்கே போனது. அவர்களுக்கு விட்டுக்கொடுக்க முடிந்தவர்கள், தொழிலாளிக்கு மட்டும் கணக்குப் பார்க்கக் கூடாது.

சி.ஜி.எச்.எஸ். சந்தாவை எல்லாருக்கும் சம்பளத்தின் ஒரே சதவீதமாக மாற்ற வேண்டும். கடைநிலை ஊழியர்களுக்கு அதிலும் குறைத்தால் இன்னும் நல்லது. ஈ.எஸ்.ஐ. வரம்பை உயர்த்தி, விலைவாசியோடு ஆண்டுதோறும் ஏறும்படி செய்ய வேண்டும். வரம்பைத் தாண்டியவர், பங்களிப்பைத் தொடர்ந்து செலுத்தினால் திட்டத்திலேயே நீடிக்க வழிவிட வேண்டும். வரம்பை உயர்த்த நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. ஓர் அறிவிக்கை வெளியிட்டால் போதும். நடப்புப் பங்களிப்புக் காலம் முடிவதற்குள் தொழிலாளர் அமைச்சகம் அதை வெளியிட்டாக வேண்டும்.