மனநிறைவு சம்பளமாகாது

அண்மையில் ஒரு சிறுகதைப் பரிசின் நடுவர் குறிப்பை வாசித்தோம். பரிசு பெற்ற கதையின் நாயகி வன்னியில் ஒரு தொண்டர் ஆசிரியை. பல வருடம் சம்பளமின்றிப் படிப்பித்து, தன் வகுப்புப் பிள்ளைகளில் ஒருத்தி பல்கலைக்கழகம் போனதோடு நிறைவடைகிறார். ஊதியத்தைப் பற்றி அவர் ஒரு சொல்லும் பேசாததே கதையின் உயர்வு என்று நடுவர்கள் எழுதியிருக்கிறார்கள். கதாசிரியரோடு நமக்குப் பிணக்கில்லை. அந்தக் குறிப்பைத்தான் பேசாமல் விட முடியவில்லை.

தொண்டர் ஆசிரியர் யாரென்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நியமனம் பெற்றவர்கள் போகாத பாடசாலைகளை யுத்த காலத்தில் பூட்டவிடாமல் காத்தவர்கள் அவர்கள். காலையில் ஒன்பதாந் தரத்துக்குக் கணிதம், ஆசிரியர் வராத வகுப்புகளுக்கெல்லாம் பதில் பாடம், பின்னேரம் ரியூசன். பல இடங்களில் கைக்கு வந்தது பாடசாலை அபிவிருத்திச் சங்கம் பெற்றாரிடம் சேர்த்துக் கொடுத்த சிறு தொகை மட்டுமே. பிள்ளைப்பேற்று லீவு என்ற பேச்சுக்கே இடமில்லை.

யுத்தம் முடிந்து நிரந்தர நியமனம் கேட்டபோது, சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் பெயரையும் வரவுப் பதிவில் கையெழுத்தையும் காட்டச் சொன்னார்கள். 2009 இல் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து முள்ளிவாய்க்கால் வரை போன சனத்திடம் எந்தப் பதிவேடு மிஞ்சியிருக்கும்? ஒரு பகுதியினருக்கு நியமனம் கிடைத்தது. மிச்சப் பேர் யாழ்ப்பாணத்தில் ஆளுநர் செயலகத்துக்கு முன்னால் வெயிலில் குந்தியிருந்தார்கள். சம்பளம் கேட்டதால் அவர்களுடைய ஆசிரியம் தாழ்ந்துவிட்டதா?

மனநிறைவு பொய்யென்று நாம் சொல்லவில்லை. பின்னக் கணக்கு பிடிபடாமல் மாதக்கணக்கில் தவித்த பிள்ளை ஒருநாள் தானாகவே பொதுப் பகுதியைக் கண்டுபிடித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும்போது ஆசிரியருக்கு வருகிற சந்தோஷம் உண்மையானது. ஆனால் அது வேலையிலிருந்து பிறக்கிறது. வேலை வாங்குபவர் தந்ததல்ல. நோயாளி சுகப்பட்டால் வைத்தியருக்கும் நிறைவுதான். அதைக் காட்டி அவருடைய சம்பளத்தை யாரும் நிறுத்துவதில்லையே. ஆசிரியரின் நிறைவுக்கு ஒரு நிபந்தனையும் உண்டு. பத்தாந் தரத்தில் எடுத்த வகுப்பைச் சாதாரண தரப் பரீட்சை வரை கொண்டுபோக வேண்டும். அடுத்த தவணை நேரசூசியில் தன் பெயர் இருக்குமா என்று தெரியாதவரிடமிருந்து பறிபோவது அந்த நிறைவும்தான்.

இது வன்னியோடு முடிகிற கதையல்ல. மலையகத் தோட்டப் பாடசாலைகளின் ஆசிரிய உதவியாளர்களுக்கு மாதம் 6,000 ரூபா கொடுத்தார்கள். பிறகு அதை 10,000 ஆக்கினார்கள். 2020 இல் பட்டதாரிப் பயிலுநர்களுக்கு 20,000. அவர்களில் பலர் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற பெயரோடு இன்றைக்கும் வகுப்பறையில் நிற்கிறார்கள். 24 வருடச் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கச் சொல்லி 2021 இல் நிரந்தர ஆசிரியர்களே இணையவழிக் கற்பித்தலை நிறுத்தியபோது, பிள்ளைகளின் எதிர்காலத்தைச் சொல்லித்தான் அவர்களின் வாயையும் அடைக்கப் பார்த்தார்கள்.

கொக்குவிலில் இருந்துகொண்டு இதை வேறுவிதமாக எழுத நமக்கு வராது. இந்த ஊரின் சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க, மற்றவர்கள் சுருட்டுச் சுற்றியபடி கேட்டார்கள். உலக அரசியலும் தொடர்கதையும் கூலிப் பேச்சும் அங்கே ஒரே பாயில் இருந்தன. 1949 முதல் 1960 வரை கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தவர் ஹன்டி பேரின்பநாயகம். 1924 இல் வாலிப காங்கிரஸைத் தொடக்கி, 1927 இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்து, 1931 தேர்தலைப் பகிஷ்கரிக்க முன்னின்ற அதே மனிதர் ஆசிரியர் சங்கங்களிலும் உழைத்தார். இலட்சியத்துக்கும் சங்கத்துக்கும் பகையென்று அவர் நினைக்கவில்லை.

நம் இலக்கியம்தான் அப்படி நினைத்தது. முற்போக்கு அணி கூலி விவசாயியின் வயிற்றை எழுதியது; நற்போக்கு என்ற எதிரணி அதோடு மல்லுக்கட்டியது; மெய்யுள் என்ற கோட்பாடு இரண்டையும் தாண்டப் பார்த்தது. மூன்று பக்கத்திலும் எழுதியவர்களில் எத்தனையோ பேர் வாத்திமார். ஆனால் வாத்தியாரின் சம்பளச் சிட்டை கதைக்குள் வந்தது அபூர்வம். வறுமையை எழுதினால் யதார்த்தம், வாத்தியார் வறுமையில் வாடினால் மட்டும் இலட்சியம் என்று ஒரு வழக்கத்தை உண்டாக்கிவிட்டோம். யுத்தம் அதை இறுக்கியது. தன்னை இழப்பவரே உயர்ந்தவர் என்று முப்பது வருடம் கேட்டுப் பழகிய காது, உரிமை கேட்கிற குரலை இன்னும் சுயநலமாகவே கேட்கிறது. நடுவர் குறிப்பின் வேர் அங்கேதான் இருக்கிறது. அரசு தர வேண்டிய கடனை அழகியல் தள்ளுபடி செய்வதை நாம் ஏற்க முடியாது.

வேலைக்கு முன் கையில் நியமனக் கடிதம், விடுமுறை மாதத்திலும் சம்பளம், பிள்ளைப்பேற்று லீவு, தொண்டராகக் கழிந்த வருடங்களையும் சேர்த்து ஓய்வூதியம். இவற்றை வாய்விட்டுக் கேட்கிற ஆசிரியையும் நல்ல ஆசிரியைதான். அவருடைய கதையை எழுதுகிறவர்கள் எமக்கு அனுப்பட்டும். அடுத்த இதழில் முதற் பக்கம் அதற்குத்தான்.